சவரிமுத்துவின் வித்தைகள்

எலும்புக்கூட்டுப் படை வேண்டாம் என்றான் நிஹ்மத்.
பச்சைப் புகை, மண்டையோட்டுத் தடி, அதுவும் வேண்டாம்.
"அதெல்லாம் ஆயிரம் பேர் எழுதியாச்சு மச்சான்."
கொம்பனித்தெருவில் ஃபோன் உறை விற்கிறவன்,
என் நாவலுக்கு இருக்கிற ஒரே வாசகன்.
ஆக, என் பிணமெழுப்பிக்கு
வேறு வித்தை தேட வேண்டியதாயிற்று.
பெயர் மட்டும் முன்பே கிடைத்திருந்தது: சவரிமுத்து.
பெயருக்குள்ளேயே சவம் கிடக்குதே என்று
றோல்ஸ் புரைக்கேறச் சிரித்தான்.

கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரம்
பழைய இன்வாய்ஸ்களின் முதுகில் எழுதினேன்:

முழு ஆளை எழுப்ப இவனால் ஆகாது.
பழக்கம் மட்டும்தான் எழும்பும்.
ஜம்பட்டா வீதியில் செத்துப்போன தையற்காரனைக் கூப்பிட்டால்
யாருமில்லாத அறையில்
ஊசியின் காதுக்குள் நூல் போய் நிற்கும்.
அவ்வளவுதான். தைக்காது.

மருதானைச் சந்தியில், தாருக்குக் கீழே
புதைந்துபோன ட்ராமை எழுப்புவான்.
ட்ராம் வராது, மணி வரும்.
அதிகாலை மூன்று மணிக்கு
ஒரு த்ரீவீல் ஓரமாக ஒதுங்கி நிற்கும்,
ஏன் ஒதுங்கினோம் என்று தெரியாமல்
சாரதி கண்ணாடியைத் துடைப்பான்.

செத்தவர்களின் தாகத்தை எழுப்புவான்.
செம்பில் வைத்த தண்ணீர் ஒரு விரற்கடை குறையும்.
"இத வச்சு யாரை வெல்லுற?" என்றான் நிஹ்மத்.
மழை மாதத்தில், வெள்ளவத்தைக் கால்வாய்
வீடுகளுக்குள் ஏறுகிற இரவில்,
கனத்தை மயானம் முழுவதின் தாகத்தையும்
ஒரே மூச்சில் எழுப்பினால்?
அவன் பிளேன்டீயைக் கீழே வைத்தான்.

விலையும் வைத்தேன், விலையில்லாத மந்திரம் விளையாட்டு.
எழுப்பும் ஒவ்வொரு தடவையும்
ஒரு மணம் அவனை விட்டுப் போகும்.
முதலில் கருவாடு போயிற்று,
புறக்கோட்டையில் அது நட்டமே இல்லை.
பிறகு மண்ணெண்ணெய்.
பிறகு மழைக்குக் கொஞ்சம் முந்தி
சூடான சீமெந்திலிருந்து வருமே, அது.
எதுவும் எழும்பாவிட்டால் எதுவும் போகாது.
இரண்டாம் அத்தியாயத்தில் கோடிட்டு எழுதியிருக்கிறேன்.

ஒன்பதாவதில் திலகேஸ்வரியைக் கொண்டுவந்தேன்.
சும்மா ஒரு காட்சி, மூன்று பக்கம்.
சொப்பிங் பைக்குள் கோடு போட்ட சட்டை,
பதினாறு வருஷமாக மடிப்புக் கலையாதது.
"முழு ஆள் வேண்டாம் தம்பி, இருமினாலும் போதும்.
பொத்தானைக் கீழயிருந்து மேலதான் பூட்டுவான்,
எத்தனை தரம் சொல்லியும் கேக்கமாட்டான்.
அதெண்டாலும்."

சவரிமுத்து மூன்று தரம் கூப்பிட்டான்.
கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
"ஒண்டும் எழும்பேல்ல அம்மா" என்றான்.

அவள் சட்டையைத் திரும்ப மடித்தாள்,
வந்தபோது இருந்த அதே மடிப்பில்.
"அப்ப எங்கயோ இருக்கிறான்."
மிச்சக் காசைக்கூட எண்ணாமல்
நூற்றைம்பத்தைந்தாம் இலக்க பஸ்ஸுக்கு ஓடினாள்.

"சரி, உண்மையா ஆள் இருக்கா?
இல்ல இவனுக்குத்தான் சக்தி போயிட்டா?
ஏதாவது ஒண்டச் சொல்லு, வாசிக்கிறவன் கேப்பான்."
நிஹ்மத் பக்கத்தைத் தட்டினான்.
அடுத்த தாளைக் கொடுத்தேன்.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனைக் கோயில் வாசலில்
யாரோ தேங்காயில் கற்பூரம் ஏற்றி
அவன் முகத்துக்கு நேரே சுற்றினார்கள்.
புகை தெரிந்தது. கண் எரிந்தது.
வேறொன்றும் வரவில்லை.

நிஹ்மத் இரண்டாம் அத்தியாயத்தைத் தேடி எடுத்தான்,
கோடிட்ட இடத்தில் விரலை வைத்தபடி
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.
கடைக்கு ஆள் வந்தது. உறை எடுத்துக் காட்டினான்.

காலையில் கண்ணாடிக்கு முன்னால்
சவரிமுத்து சட்டையை மாட்டுகிறான்.
கடைசிப் பொத்தானிலிருந்து தொடங்குகிறான்.